வீட்டுக்குள் ஓர் இரவல் ரேடார்

1935 பிப்ரவரி 26. இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷையரில், டேவென்ட்ரி நகருக்குச் சற்றுத் தள்ளி ஒரு வயலில் வேன் ஒன்று நின்றிருந்தது. உள்ளே ஒரு ரேடியோ வாங்கி, ஒரு கேத்தோடு கதிர்க்குழாய். அதன் ஒளிப்புள்ளியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ராபர்ட் வாட்சன்-வாட், அவருடைய உதவியாளர் அர்னால்டு வில்கின்ஸ், விமானத்துறை அமைச்சகத்தின் சார்பில் வந்திருந்த ஏ. பி. ரோ. வானத்தில் ஹேஃபோர்டு என்னும் இரட்டை இறக்கைக் குண்டுவீச்சு விமானம் போவதும் வருவதுமாக இருந்தது. விமானம் வந்தபோது புள்ளி நீண்டு துடித்தது, போனபின் அடங்கியது. ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவு வரை அதைப் பின்தொடர முடிந்தது.

ரேடாரின் பிறந்தநாளாகப் பாடநூல்கள் சொல்வது இந்த நாளைத்தான். கொலோன் நகரில் கிறிஸ்தியான் ஹுல்ஸ்மையர் 1904-லேயே ரேடியோ அலையால் கப்பலைக் கண்டுபிடித்துக் காட்டினாரே என்று ஜெர்மானியர்கள் குறைபட்டுக்கொள்வதிலும் நியாயம் உண்டு. அந்த வழக்கு இங்கே வேண்டாம். இந்த உரைக்கு வேண்டியது வேறொரு விவரம். அந்த வேனில் அலை அனுப்பும் கருவியே கிடையாது. பிபிசி தன் பேரரசு ஒலிபரப்புக்காக டேவென்ட்ரியில் வைத்திருந்த சிற்றலை நிலையம்தான் அலையைக் கொடுத்தது. கடல் கடந்த நாடுகளில் வானொலி கேட்பவர்களுக்காகப் புறப்பட்ட 49 மீட்டர் அலை வழியில் விமானத்தின் மேல் பட்டுச் சிதறியது. சிதறியதில் ஒரு துளியை வயலில் நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

இதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் வாட்சன்-வாட்டிடம் அரசு ஒரு விசித்திரமான கேள்வியை அனுப்பியிருந்தது. எதிரியை ரேடியோ அலையால் கொல்ல முடியுமா? அவர் அதை வில்கின்ஸிடம் ஒரு கணக்காக மாற்றிக் கொடுத்தார்: தொலைவில் இருக்கும் எட்டு பைண்டு தண்ணீரை 98 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 105 டிகிரிக்குச் சூடாக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? எட்டு பைண்டு என்றால் ஓர் ஆளின் ரத்தம், 98 டிகிரி என்றால் உடற்சூடு என்று வில்கின்ஸ் உடனே ஊகித்துவிட்டார். நடக்கிற காரியமில்லை என்று விடை வந்தது. சரி, கொல்லத்தான் முடியாது, கண்டுபிடிக்கவாவது முடியுமா என்ற பேச்சு எழுந்தபோது, விமானம் பறந்தால் ரேடியோத் தொடர்பு குலைகிறது என்று அஞ்சல்துறைப் பொறியாளர்கள் எழுதிவைத்த குறிப்பு வில்கின்ஸின் நினைவுக்கு வந்தது. குண்டுவீச்சு விமானத்தின் இறக்கை ஏறத்தாழ 25 மீட்டர்; 50 மீட்டர் அலையில் அது சரிபாதி. அந்த அலைக்கு இறக்கையே ஓர் ஆன்டெனாவாகிவிடும் என்பது அவர் கணக்கு.

இந்தச் சொற்பொழிவின் பொருள் விமானமில்லை. வீட்டுக்குள் நடமாடும் மனிதர். பிபிசி நிலையத்தின் இடத்தில் கூடத்து அலமாரியில் விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும் வைஃபை ரூட்டரை வைத்துக்கொண்டால், 1935-இல் வயலில் நடந்ததும் இன்று ஆய்வகங்களில் நடப்பதும் ஒரே வேலை. தானாக எந்த அலையும் அனுப்பாமல், ஏற்கெனவே உலவும் அலையின் எதிரொலியை மட்டும் கேட்டு ஆளைக் கண்டுபிடிக்கும் இந்தக் கருவியைப் பொறியாளர்கள் பாசிவ் ரேடார் என்பார்கள். இரவல் ரேடார் என்று இங்கே சொல்லிக்கொள்ளலாம்.

இரவலுக்குத் தொடக்கத்தில் மதிப்பு இருக்கவில்லை. டேவென்ட்ரி வெற்றிக்குப் பிறகு பிரிட்டன் தன் கரையோரம் 'செயின் ஹோம்' என்ற சொந்தக் கோபுரங்களை நட்டு, சொந்தத் துடிப்புகளை அனுப்பத் தொடங்கியது. எப்போது அனுப்பினோம், எப்போது திரும்பி வந்தது என்று தெரிந்தால் தொலைவு கையில் இருக்கிறது. பிறகு யாருக்கு வேண்டும் அடுத்தவர் அலை? வேண்டியிருந்தது ஜெர்மானியர்களுக்கு. இரண்டாம் உலகப் போரின் பிற்பகுதியில், தாங்கள் பிடித்துவைத்திருந்த கரையில், 'கிளைன் ஹைடல்பெர்க்' என்ற வாங்கி நிலையங்களை நிறுவினார்கள். செயின் ஹோம் கோபுரங்கள் அனுப்பிய அலை பிரிட்டனின் சொந்தக் குண்டுவீச்சு விமானங்களில் பட்டுச் சிதற, அதை வைத்தே ஜெர்மானியர்கள் அந்த விமானங்களைப் பின்தொடர்ந்தார்கள். இந்த நிலையங்கள் அலை எதையும் வெளியிடாததால் அவற்றை ரேடியோ மூலம் மோப்பம் பிடிக்கவும் வழியில்லை, அலைக்குறுக்கீடு செய்து குழப்பவும் வழியில்லை. இரவல் ரேடாரின் குணம் முழுவதும் இந்த ஒரு கதையில் இருக்கிறது.

அதன் குறைக்கு இன்னொரு கதை உண்டு. 1986-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ஹியூ கிரிஃபித்ஸும் லாங் என்ற சக ஆய்வாளரும் கிரிஸ்டல் பேலஸ் தொலைக்காட்சிக் கோபுரத்தின் அலையை வைத்து ஹீத்ரோ விமானங்களைப் பிடிக்கப் பார்த்தார்கள். பழைய தொலைக்காட்சி அலையில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு துடிப்பு, 64 மைக்ரோநொடிக்கு ஒருமுறை, அச்சு அசலாக ஒரே மாதிரி வரும். திரும்பி வரும் எதிரொலி எந்தத் துடிப்பினுடையது என்று எப்படிச் சொல்வது? தொலைவு குழம்பிப்போனது. இரவல் அலை பிறர் தேவைக்காகச் செய்யப்பட்டது. அதன் வடிவம் ரேடார்க்காரரின் கணக்குக்கு ஒத்துவரும் என்ற உறுதி இல்லை. நிலைமையை மாற்றியது டிஜிட்டல் ஒலிபரப்பு. டிஜிட்டல் அலையைத் தொலைவிலிருந்து கேட்டால் வெறும் இரைச்சல்போல இருக்கும். ஒரு நொடித் துண்டு இன்னொரு நொடித் துண்டைப்போல இருக்காது. இரைச்சலுக்கும் எதிரொலிக்கும் ஜோடி சேர்ப்பது எளிது. வைஃபை அலையும் அந்த இனம்.

செய்முறை இதுதான். இரண்டு ஆன்டெனாக்கள் வேண்டும். ஒன்று ரூட்டரை நோக்கி இருக்கும். அது நேரடியாக வரும் அலையைப் பதிவு செய்யும். மற்றது கண்காணிக்க வேண்டிய இடத்தை நோக்கி இருக்கும். அதில் சுவர், பீரோ, கட்டில், மனிதர் என எல்லாவற்றிலும் பட்டுத் தெறித்த அலைகள் கலந்து வரும். முதல் பதிவைக் கொஞ்சம் காலம் தாழ்த்தி, கொஞ்சம் அதிர்வெண் நகர்த்தி, இரண்டாவதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எந்தத் தாமதத்தில், எந்த நகர்வில் இரண்டும் பொருந்துகின்றனவோ அங்கே ஒரு பொருள் இருக்கிறது. இந்த ஒப்பீட்டுக் கணக்கின் வேர் பிலிப் உட்வர்டு 1953-இல் எழுதிய ரேடார் நூலில் இருக்கிறது. தாமதம் நேரடியாகத் தொலைவைச் சொல்லிவிடாது. ரூட்டரிலிருந்து ஆளுக்கும், ஆளிலிருந்து வாங்கிக்கும் உள்ள தூரங்களின் கூட்டுத்தொகையைத்தான் சொல்லும். ஆக, ரூட்டரையும் வாங்கியையும் இரு குவியங்களாகக் கொண்ட ஒரு நீள்வட்டத்தில் எங்கோ ஆள் நிற்கிறார் என்பது மட்டும் தெரியும். இன்னொரு வாங்கி வைத்தால் இன்னொரு நீள்வட்டம். வெட்டிக்கொள்ளும் இடங்களில் தேடலாம்.

காகிதத்தில் அழகாக இருக்கிறது. வீட்டில் உதைக்கிறது. ரேடார் எவ்வளவு நெருக்கமான இரு பொருள்களைப் பிரித்தறியும் என்பது அலை பிடித்திருக்கும் பட்டையின் அகலத்தைப் பொறுத்தது. சாதாரண வைஃபை சேனலின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். கணக்குப் போட்டால் பிரித்தறியும் தூரம் ஏழரை மீட்டர் வருகிறது. ஏழரை மீட்டர் நீளமுள்ள அறை எத்தனை வீட்டில் இருக்கிறது? கூடத்தில் தாத்தாவும் சமையலறையில் பாட்டியும் இருந்தால் அந்த ரேடாருக்கு இருவரும் ஒரே புள்ளி. 160 மெகாஹெர்ட்ஸ் சேனல் வந்த பிறகும் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான்.

காப்பாற்றுவது டாப்ளர் விளைவு, அதாவது அசைவால் எதிரொலியின் அதிர்வெண் நகர்வது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். ஒருவர் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நெருங்கி வந்தால் எதிரொலியின் அதிர்வெண் ஏறக்குறைய 16 ஹெர்ட்ஸ் நகரும். 240 கோடியில் 16! அற்பம்தான். ஆனால் ஒரு நொடி நேரம் பொறுமையாகக் கேட்டால் ஒரு ஹெர்ட்ஸ் வித்தியாசத்தைக்கூடப் பிரித்துவிடலாம். அதாவது வேகத்தில் நொடிக்கு ஆறு சென்டிமீட்டர் வித்தியாசம். ஏழரை மீட்டரைப் பிரிக்கத் திணறும் அதே கருவி, ஒருவர் நடக்கிறாரா தயங்கித் தயங்கி நடக்கிறாரா என்பதைச் சொல்லிவிடுகிறது. நகராத சுவரும் பீரோவும் பூஜ்ய நகர்வில் கிடக்கும். அவற்றைக் கணக்கில் கழித்துவிடலாம். மிஞ்சுவது அசைவு மட்டும்.

இதைச் சுவர் தாண்டிச் செய்து காட்டியது கிரிஃபித்ஸ் இருந்த அதே கல்லூரியின் கெவின் செட்டியும் கார்ல் உட்பிரிட்ஜும் அவர்களுடைய குழுவினரும். 2012-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில், ஓரடி கனமுள்ள செங்கல் சுவருக்கு வெளியே இருந்தபடி, உள்ளே நடந்தவரை வைஃபை அலையில் பிடித்தார்கள். இடம், வேகம், திசை மூன்றும் கிடைத்தன. அதே காலத்தில் ரோமின் சாபியென்சா பல்கலைக்கழகத்தில் ஃபபியோலா கொலோனேயும் அவர் குழுவினரும் வைஃபை அலையின் வடிவத்தால் ஒப்பீட்டில் வரும் பொய்ச் சிகரங்களை எப்படி அடக்குவது என்ற கணக்கைத் துருவித் துருவிச் செய்துகொண்டிருந்தார்கள். பத்திரிகைகள் லண்டன் சுவரை எழுதின; ரோமின் கணக்கை எழுதவில்லை. ரோம் குழு செய்ததுபோன்ற வேலை இல்லாவிட்டால் திரையில் ஓர் ஆளுக்கு நான்கு ஆள் தெரியும்.

லண்டன் சோதனையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது: ஆள் அசையாமல் நின்றால் மறைந்துபோவார். இன்னொன்று, ரூட்டர் சும்மா இருக்கும்போது நொடிக்குச் சுமார் பத்து முறை 'நான் இருக்கிறேன்' என்று ஒரு சிறு அறிவிப்பு அனுப்புவதோடு சரி. பத்து மாதிரியை வைத்துக்கொண்டு 16 ஹெர்ட்ஸ் நகர்வை அளக்க முடியாது. வீட்டில் யாராவது படம் பார்த்துக்கொண்டிருந்தால் அலை ஆறாக ஓடும், ரேடாருக்குக் கொண்டாட்டம்.

அசையாதவரின் பிரச்சினைக்கு உடலே விடை தருகிறது. உயிரோடு இருப்பவர் முழுக்க அசையாமல் இருப்பதில்லை. மூச்சில் மார்பு சில மில்லிமீட்டர் எழுந்து தாழ்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 சென்டிமீட்டர். மார்பு 5 மில்லிமீட்டர் எழுந்தால் அலை போய்வரும் பாதை 10 மில்லிமீட்டர் குறையும்; அலைநீளத்தில் ஆறில் ஒரு பங்கு, கோணத்தில் 60 டிகிரி. தூங்குபவரின் மூச்சை எண்ணுவதற்கு அது தாராளம்.

இந்த இடத்தில் ஒரு களைபிடுங்கல் தேவைப்படுகிறது. 'வைஃபை மூலம் சுவருக்கு அப்பால் பார்க்கலாம்' என்ற தலைப்பில் வந்த செய்திகளில் பல இரவல் ரேடார் பற்றியவை இல்லை. அமெரிக்காவின் எம்ஐடியில் டீனா கட்டாபியும் ஃபாடல் அடீபும் 2013-இல் காட்டிய 'வை-வை' கருவி தன் அலையைத் தானே அனுப்பியது. இரண்டு ஆன்டெனாவிலிருந்து அனுப்பி, சுவரின் எதிரொலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி செய்தது. மிக அழகான தந்திரம். ஆனால் அலை அவர்களுடையது. அதற்கடுத்து வந்த 'வைடிராக்' வைஃபையே இல்லை, அதற்கென்று செய்த ரேடார். யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜோயி வில்சனும் நீல் பட்வாரியும் 2010-இல் செய்தது, ஓர் இடத்தைச் சுற்றி 28 சிறு ரேடியோக்களை நட்டு, அவை தங்களுக்குள் பேசும்போது நடுவில் நிற்பவரால் எந்தப் பேச்சு மங்குகிறது என்று பார்ப்பது. இவற்றையெல்லாம் ஒரே மூட்டையில் கட்டினால், எது எவருக்கு எளிது, எது எவருக்கு ஆபத்து என்ற கேள்விக்கு விடையே கிடைக்காது.

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 2013-இல் வெளியிட்ட 'வைசீ' இரவலுக்கு நெருங்கியது. வீட்டில் இருக்கும் வைஃபை கருவிகள் தம்பாட்டுக்கு அனுப்பும் அலையை வாங்கியில் கேட்டு, கையசைவைப் புரிந்துகொள்வது அதன் வேலை. ஒன்பது வகைக் கையசைவு. நூற்றுக்கு 94 முறை சரி. அந்தக் குழுவின் தலைவர் ஷ்யாம் கொல்லகோட்டா சென்னை ஐஐடியில் படித்தவர். முனைவர் பட்டத்துக்கு எம்ஐடியில் கட்டாபியிடம் இருந்தவர். சுவர் தாண்டும் இரண்டு பள்ளிகளுக்கும் அடையாறு வழியாக ஒரு கிளைவழி இருக்கிறது.

துறையை உண்மையில் பெருக்கியது பளிச்சென்ற கருவி எதுவும் இல்லை, ஓர் இலவச மென்பொருள். வைஃபை வாங்கி ஒவ்வொன்றும், வந்த அலை வழியில் எப்படி உருக்குலைந்தது என்பதைத் தானே அளந்துகொள்கிறது. அளந்தால்தான் தகவலைத் திருத்தி வாசிக்க முடியும். வாசித்த பிறகு அந்த அளவைத் தூக்கி எறிந்துவிடும். 2011-இல் டேனியல் ஹால்பெரினும் உடன் பணியாற்றியவர்களும், 'இன்டெல் 5300' என்ற மடிக்கணினி அட்டையிலிருந்து அந்த அளவை வெளியே எடுக்கும் கருவியை வெளியிட்டார்கள். லட்சக்கணக்கில் விலையாகும் ரேடார் வாங்கி இல்லாத மாணவரும் பழைய மடிக்கணினியோடு உட்கார்ந்து ஆய்வு செய்யலாம் என்றாயிற்று. அதற்குப் பிறகு கட்டுரைகள் புற்றீசலாகக் கிளம்பின: நடை, விழுதல், மூச்சு, உதட்டசைவு, விசைப்பலகையில் தட்டிய எழுத்து. எல்லாவற்றையும் அப்படியே நம்பத் தேவையில்லை. ஓர் அறையில், ஒரே ஆளை வைத்து, பழக்கிய கருவி தொண்ணூறு சொச்சம் சதவீதம் சரியாகச் சொல்லும். கட்டிலைத் திருப்பிப் போட்டால் தடுமாறும். கார்னகி மெலன் பல்கலைக்கழகக் குழு 2022 இறுதியில், சாதாரண ரூட்டர்களின் அலையிலிருந்து மனித உடலின் வடிவத்தையே வரைந்து காட்டியபோது உலகம் முழுக்கப் பரபரப்பு. பழகாத அறையில் துல்லியம் சரிந்தது என்பதையும் அவர்களே அதில் எழுதியிருந்தார்கள்.

தமிழ்நாட்டு வீட்டுக்கு இன்னும் இரண்டு தொல்லைகள். அமெரிக்க வீடுகள் பலவற்றில் சுவர் என்பது மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும். அலை இலகுவாக ஊடுருவும். இங்கே செங்கலும் கம்பி போட்ட கான்கிரீட்டும். பக்கத்து அறைக்கே சிக்னல் வரவில்லை என்று ரூட்டர் வாங்கியவர் புலம்பும் வீட்டில், தெருவில் நிற்கும் ரேடாருக்கு எவ்வளவு மிஞ்சும்? அடுத்தது மின்விசிறி. மே மாதத்தில் ஒவ்வோர் அறையின் உச்சியிலும் மூன்று இறக்கைகள் சுழன்றுகொண்டிருக்கும். டாப்ளர் கண்ணுக்கு அது ஓயாமல் நடமாடும் ஆள். கழித்துவிட முடியும்தான், ஆனால் அதைக் கழிக்கப் பழகிய கருவி வேண்டும்.

இவ்வளவு குறைகளையும் கேட்ட பிறகு, பயப்பட ஒன்றுமில்லை என்று எழுந்து போய்விடலாம்போல இருக்கும். அங்கேதான் பலரும் தவறுகிறார்கள். ரேடார் படம் காட்ட வேண்டும் என்று எதிர்பார்த்து, காட்டவில்லை என்றதும் நிம்மதியாகிவிடுகிறார்கள். திண்ணையில் கண் மங்கிப் படுத்திருக்கும் பாட்டி, காலடிச் சத்தத்தை வைத்தே வந்தவர் யார், குடித்துவிட்டு வந்திருக்கிறாரா, கோபமாக வந்திருக்கிறாரா என்று சொல்லிவிடுவார். வேவு பார்ப்பவருக்கும் முகம் வேண்டியதில்லை. வீட்டில் ஆள் இருக்கிறதா, எந்த அறையில், விழித்தா தூங்கியா, ஒருவரா இருவரா. திருடருக்கு இது போதும். பிரிந்துபோன மனைவியைத் துரத்தும் கணவருக்கு இது போதும். கதவை உடைக்கக் காத்திருக்கும் காவலருக்கும் போதும். மங்கலான தகவலே இங்கே விலையுள்ள தகவல்.

சிகாகோ பல்கலைக்கழகத்தையும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்தையும் சேர்ந்த குழு ஒன்று 2020-இல் இதைச் செய்தே காட்டியது. முதலில், ஒருவர் கைபேசியோடு கட்டடத்துக்கு வெளியே சும்மா உலாத்துகிறார். உள்ளே எந்த வைஃபை கருவி எந்த அறையில் இருக்கிறது என்பதைச் சிக்னலின் ஏற்ற இறக்கத்திலிருந்து ஊகிக்கிறார். பிறகு ஒரு சிறு வாங்கியை வெளியே மறைத்து வைத்துவிட்டுப் போகிறார். அறைக்குள் யாராவது நடந்தால் அந்த அறைக் கருவியின் சிக்னல் குதிக்கும். ரேடார்த் துல்லியம் எதுவும் இல்லை, நீள்வட்டம் இல்லை. குதிக்கிறதா இல்லையா என்பது மட்டும். எந்த அறையில் ஆள் என்று தெரிந்துவிடுகிறது.

பாஸ்வேர்டு போட்டிருக்கிறோமே என்று ஒருவர் கேட்கலாம். பாஸ்வேர்டு காப்பது கடிதத்தின் உள்ளே இருப்பதை. இந்த வேலைக்குக் கடிதத்தைப் பிரிக்கவே வேண்டாம். கடிதம் போன வழியில் யார் குறுக்கே நடந்தார் என்பதுதான் கேள்வி. இன்னும் ஒரு படி மேலே, 2025-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், கைபேசிகள் தங்கள் பக்கம் அலையைக் குவிக்கச் சொல்லி ரூட்டருக்கு அனுப்பும் பின்னூட்டம் மறைகுறியாக்கம் இல்லாமல் திறந்தபடி போகிறது என்பதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அந்தப் பின்னூட்டத்தை மட்டும் கேட்டு, 197 பேரில் நடந்து போனவர் யார் என்று ஏறக்குறைய பிழையில்லாமல் சொன்னார்கள். முன்கூட்டி அந்த ஆள்களின் பதிவைக் கொண்டு பழக்கிய பிறகுதான். என்றாலும் கையில் கைபேசி இல்லாமல் நடப்பவரையும் அது விடவில்லை, அறையில் வேறு யாருடைய கருவியோ பேசிக்கொண்டிருந்தால் போதும்.

நல்ல பயனும் உண்டு, சிறியதும் இல்லை. தனியாக வாழும் முதியவர் குளியலறையில் விழுந்தால் யாருக்குத் தெரியும்? அங்கே கேமரா வைக்க எவரும் சம்மதிக்கமாட்டார்கள். கழுத்தில் மாட்டிய பொத்தானைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போவார்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் 'ஸ்ஃபியர்' திட்டத்தில் இரவல் வைஃபை ரேடாரை வீட்டுக்குள் உடல்நலக் கண்காணிப்புக்குப் பரிசோதித்ததன் காரணம் இதுவே. கடைச்சரக்காகவும் வந்துவிட்டது. 2022-இல் 'விஸ்' பல்புகள், ஓர் அறையில் இரண்டு இருந்தால் தங்களுக்குள் போகும் வைஃபை அலையை வைத்தே ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரியத் தொடங்கின. 802.11பிஎஃப் என்ற பெயரில் வைஃபையின் உணர்திறனுக்கே ஒரு தரநிலை வகுக்க 2020-இல் தொடங்கிய பணி 2025-இல் முடிந்தது. அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனம் அதே ஆண்டு தன் ரூட்டரில் நடமாட்டம் அறியும் வசதியைத் திறந்தது. வேண்டுமென்று தேர்ந்தெடுத்தால்தான் இயங்கும், சிறு வளர்ப்புப் பிராணிகளை விலக்கிவிடவும் செய்யலாம். அந்த வசதியில் சேரும் தகவலைச் சட்ட அமலாக்க விசாரணைகளில் வாடிக்கையாளருக்குச் சொல்லாமலே பகிரக்கூடும் என்றும் அதன் விதிமுறைகளில் எழுதியிருந்தது. விதிமுறையை முழுக்கப் படித்தவர்கள் பத்திரிகைக்காரர்கள்தான்போலிருக்கிறது. சத்தம் அவர்கள் பக்கமிருந்து வந்தது.

சட்டம் இதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2001-ஆம் ஆண்டு கைலோ தீர்ப்பு இந்த விவகாரத்தின் முன்னோடி. ஒரிகான் மாநிலத்தில் காவலர்கள் தெருவில் நின்று வெப்பக் கேமராவால் ஒரு வீட்டைப் பார்த்தார்கள். சுவரும் கூரையும் அளவுக்கு மீறிச் சூடாக இருந்தன. உள்ளே விளக்கு போட்டு கஞ்சா வளர்ப்பதாக ஊகித்தார்கள். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், வாரண்ட் இல்லாமல் அப்படிப் பார்த்தது தவறு என்று தீர்ப்பாயிற்று. வீட்டுப் பெண் இரவில் எந்நேரம் குளிக்கிறார் என்பதைக்கூட அந்தக் கருவி சொல்லிவிடுமே என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய ஸ்காலியா கவலைப்பட்டார். சுவரூடே பார்க்கும் ரேடார் உருவாகிக்கொண்டிருப்பதும் அதில் குறிப்பிடப்பட்டது.

மாற்றுத் தீர்ப்பு எழுதிய ஸ்டீவன்ஸின் வாதம் நமக்கு இன்னும் நெருக்கமானது. சுவருக்குள் ஊடுருவிப் பார்ப்பது வேறு, சுவரைத் தாண்டித் தானாகத் தெருவுக்கு வந்ததைப் பொறுக்கிக்கொள்வது வேறு என்றார் அவர். வெப்பம் தானாக வெளியே வந்தது. இரவல் ரேடாரும் அப்படித்தான் வாதாடும்: நான் எதையும் உள்ளே அனுப்பவில்லை, உங்கள் ரூட்டர் தெருவில் கொட்டியதைக் கேட்டேன். அந்த வாதம் 2001-இல் தோற்றது. ஆனால் வென்ற தீர்ப்பிலும் ஒரு வாசகம் இடிக்கிறது. பொதுமக்கள் பயன்பாட்டில் இல்லாத கருவியால் வீட்டின் உள்விவரத்தை அறிந்தால்தான் தவறு என்று அது எல்லை கட்டியது. வெப்பக் கேமரா அன்று அரிது. வைஃபை வாங்கி ஒவ்வொரு சட்டைப்பையிலும் இருக்கிறது. தீர்ப்பு எழுதியவர்கள் காப்பாக வைத்த சொற்றொடரே கதவைத் திறந்துவிடக்கூடும்.

கையடக்க டாப்ளர் ரேடாரைக் காவல்துறைகள் வாங்கியும் இருந்தன. கன்சாஸின் விச்சிட்டா நகரில் ஒருவரைக் கைது செய்யப் போன காவலர்கள், வீட்டில் ஆள் உண்டா என்று அறியச் சுவரில் அதை வைத்துப் பார்த்தது 2014 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பில் வெளியானது. கைது வேறு காரணங்களால் நிலைத்தது. கருவி எழுப்பும் அரசமைப்புக் கேள்விகள் கனமானவை என்று நீதிபதி நீல் கோர்சுச் எழுதினார், பிற்பாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர். அடுத்த மாதமே, குறைந்தது 50 சட்ட அமலாக்க அமைப்புகளிடம் அப்படிப்பட்ட கருவி இருப்பதாக 'யுஎஸ்ஏ டுடே' எழுதியது. அது அலை அனுப்பும் ரேடார். அனுப்புவதால் அதைக் கண்டுபிடிக்கவாவது ஒரு வழி உண்டு.

இந்தியாவில் இதற்கு ஒரு பழைய வழக்கு ஆச்சரியமாகப் பொருந்துகிறது. 1962 டிசம்பரில் தீர்ப்பான கரக் சிங் வழக்கு. உத்தரப் பிரதேசக் காவல்துறை விதிகள், சந்தேகத்துக்குரியவர் வீட்டை ரகசியமாகக் காவல் காப்பதையும், இரவில் கதவைத் தட்டி ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதையும் அனுமதித்தன. இரவில் கதவு தட்டுவது செல்லாது என்றார்கள் நீதிபதிகள். தூக்கத்தைக் கெடுத்து நிம்மதியைக் குலைக்கிறது. ரகசியக் காவல்? அதைப் பெரும்பான்மை செல்லும் என்றது. ஆளுக்குத் தெரியாமல் நடப்பதால் அவர் நடமாட்டத்தை அது கட்டுப்படுத்தவில்லையாம். நீதிபதி சுப்பா ராவ், ஷா இருவரும் உடன்படவில்லை. விதி முழுவதும் செல்லாது என்றார்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்து, கரக் சிங் தீர்ப்பில் அதை மறுத்த பகுதியைத் தள்ளினார்கள். கதவு தட்டாத, தூக்கம் கெடுக்காத, தெரியவே தெரியாத வேவு பற்றி 1962-இன் பெரும்பான்மை சொன்ன தர்க்கத்துக்கு இரவல் ரேடாரைவிடக் கச்சிதமான சோதனை கிடைக்காது.

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு திரட்டுகிறவர் சம்மதம் கேட்க வேண்டும் என்கிறது. தனிநபர் ஒருவர் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்குத் தரவைக் கையாண்டால் சட்டம் பொருந்தாது. அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கவும் அதில் இடம் இருக்கிறது. அண்டை வீட்டுக்காரர் தன் வரவேற்பறையில் வைத்த வாங்கி எந்த வகையில் சேரும் என்பது வழக்கு வந்தால்தான் தெரியும்.

தற்காப்பு இல்லாமலும் இல்லை. சிகாகோ குழுவே ஒன்றைச் சொன்னது: உள்ளே இருக்கும் கருவிகள் அனுப்புவதுபோலப் பொய்ச் சிக்னல்களை ரூட்டர் இடையிடையே கலந்து அனுப்ப வேண்டும். வெளியே கேட்பவருக்கு எது அசைவால் வந்த குதிப்பு, எது ரூட்டரின் நடிப்பு என்று பிரியாது. இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியில் வீட்டுக்காரர் அதைச் செய்ய முடியாது. பெட்டியைச் செய்பவர் மனம் வைக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அதுவும் போதாது. மூன்றாம் மாடிக்காரர் தன் ரூட்டரை அணைத்தேவிட்டாலும் மேலும் கீழும் பக்கத்திலும் உள்ள ரூட்டர்களின் அலை அவர் படுக்கையறைக்குள் வந்து போகும். இரவல் ரேடாருக்கு யாருடைய அலையும் ஆகும். முழுக் கட்டடமும் ஒன்றாகச் சேர்ந்து எல்லா ரூட்டரையும் மாற்றினால்தான் திரை முழுமையாகும். தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரவேண்டும் என்பதில்கூட ஒருமனதான முடிவுக்கு வராத குடியிருப்போர் சங்கங்களிடம் இந்தத் தீர்மானத்தை யார் கொண்டுபோவது என்று தெரியவில்லை.